வரங்களும் ஐக்கியமும்: கொழும்புத் தமிழ்ச் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கொழும்பில் ஒரு தமிழ்ச் சபையில் வியாழக்கிழமை வேதபாட வகுப்பை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிரசங்கத்தைச் சிங்களத்தில் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதமான கொரிந்தியர் நிருபத்தைத் திறந்தால் போதும், நேரம் முடிந்தும் யாரும் எழும்ப மாட்டார்கள், பிளேன்ரீ ஆறிப்போகும். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நான் குருவானவர் இல்லை, ஒரு சாதாரண விசுவாசி. வேறாகச் சொல்லியிராத இடங்களில் வசனங்கள் நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. 12:30 என்பதுபோல் எண் மட்டும் வரும் இடங்கள் 1 கொரிந்தியர்.

ஆவிக்குரிய வரம் என்றால் சரியாக என்ன?

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'கரிஸ்மா'. கிருபை என்று பொருள்படும் 'கரிஸ்' என்ற சொல்லோடு தொடர்புடையது. உழைத்துச் சம்பாதிக்காமல் கிருபையாக வந்த ஒன்று. இதற்குத் தமிழில் 'வரம்' என்று போட்டார்கள். நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு பழைய கதையும் நம் காதில் விழுகிறது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இராவணன் கடுந்தவம் செய்தான், வரம் வாங்கினான், பிறகு தேவர்களே அவனைக் கண்டு நடுங்கினார்கள். தவம் கொடுத்த விலை, வரம் வாங்கிய பொருள். வாங்கியவன் அதை வைத்து யாரையும் மிரட்டலாம்.

பவுல் சொல்வது இதற்கு நேர் எதிர். விலை கிடையாது, வாங்கியவனுக்குச் சொந்தமும் கிடையாது. ஆனாலும் "இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன், ஆண்டவர் வரம் தந்தார்" என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது பழைய கதை மெல்லத் தலைகாட்டும். உபவாசம் நல்லது, நானும் இருக்கிறேன். கேட்கிறவர்கள் "அவர் இருபத்தொரு நாள் இருந்தவர்" என்று குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினால்தான் எனக்குப் பயம் வருகிறது.

அப்படியானால் திறமையும் வரமும் ஒன்றா?

முழுதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் நடுவே நாம் கட்டும் மதில் வேதத்தில் அவ்வளவு உயரமாக இல்லை. யாத்திராகமம் 31இல் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினதாகச் சொல்லியிருக்கிறது. எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, இரத்தினம் பதிக்க, மரம் செதுக்க. செட்டியார் தெருவில் நகைவேலை செய்யும் ஒரு சகோதரர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். இதை வாசித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வரம் யாருடைய நன்மைக்கு? எனக்கா, சபைக்கா?

இதில் நம் பழைய மொழிபெயர்ப்பு கொஞ்சம் காலை வாரிவிடும். 1 கொரிந்தியர் 12:7 அதில் "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்று இருக்கிறது. அப்படியே வாசித்தால் என் வரம் என் பிரயோஜனத்துக்கு என்றுதான் படும். கிரேக்கத்தில் 'அவனவனுடைய' என்ற சொல் பிரயோஜனத்தோடு சேரவில்லை. அவனவனுக்கு அளிக்கப்பட்டது, பிரயோஜனத்துக்காக அளிக்கப்பட்டது, அவ்வளவுதான். கத்தோலிக்கரும் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அதே வசனத்தில் 'பொது நன்மைக்காகவே' என்ற சொல் தெளிவாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு சபையின் குணமே மாறிவிடும் என்பது புரியும்.

மொத்தம் எத்தனை வரங்கள்?

1 கொரிந்தியர் 12:8-10இல் ஒன்பது, ரோமர் 12இல் ஏழு. எபேசியர் 4:11 ஊழியர்களின் பட்டியல். 1 பேதுரு 4இல் பேச்சு, உதவி என இரண்டே வகை. ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஒத்துப்போக வேண்டும் என்று எழுதியவர்கள் நினைத்ததாகவும் தெரியவில்லை. கேள்வித்தாளை நிரப்பி, புள்ளி கூட்டி, "உங்கள் வரம் இதுதான்" என்று கண்டுபிடிக்கும் முறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. உங்கள் வரம் என்னவென்று உங்களிடமிருந்து உதவி பெற்றவர்களைக் கேளுங்கள்.

கொரிந்து சபையில் என்னதான் பிரச்சினை?

பன்னிரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசித்தால் பிரச்சினை விளங்காது. முதலில் ஊரைப் பார்க்க வேண்டும். ரோமர்கள் கி.மு. 146இல் கொரிந்துவை அழித்தார்கள். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, கி.மு. 44இல், யூலியு சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். ஒரு பக்கம் லெக்கேயம், மறு பக்கம் கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகங்கள். விடுதலையான அடிமைகள், கப்பலோட்டிகள், வியாபாரிகள் எனப் பல இடத்து ஆட்கள் பிழைக்க வந்த ஊர். பூர்வீகப் பெருமை குறைவு, புதுப் பணத்தின் பெருமை அதிகம். கப்பல் சங்குச் சத்தம் கேட்கும் கொட்டாஞ்சேனையில் இருந்து இதை வாசிக்கிறவருக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

இப்போது சபைக்கு வாருங்கள். "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சிகள். குலோவேயாளின் வீட்டார் சொல்லித்தான் பவுலுக்கே இது தெரிய வருகிறது. பதினோராம் அதிகாரத்தில் இன்னும் மோசமான செய்தி. கர்த்தருடைய இராப்போஜனத்துக்கு வசதியானவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் வந்து பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார்.

அதற்கு அடுத்த அதிகாரம்தான் வரங்களைப் பற்றியது. இந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் யார் பெரியவர் என்று காட்டியவர்கள், ஆராதனையில் வரத்தை வைத்து அதையே காட்டினார்கள். வரத்தைப் பற்றிய சண்டை பெரும்பாலும் வரத்தைப் பற்றியதே இல்லை என்பது என் அனுபவம். மைக் யார் கையில், முன்வரிசைக் கதிரை யாருக்கு, யாருடைய மகன் கீபோர்ட் வாசிக்கிறான் என்று கொஞ்சம் தோண்டினால் வெளியே வரும்.

அந்நியபாஷை பேசாதவர் ஆவியானவரைப் பெறாதவரா?

அந்நியபாஷை என்பது ஆவியானவரின் ஏவுதலால், தான் கற்காத பாஷையில் பேசுவது. இதில் சபைகள் ஒரே கருத்தில் இல்லை. அப்போஸ்தலர் 2, 10, 19 அதிகாரங்களை வைத்து, ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே முதல் அடையாளம் என்று பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் போதிக்கின்றன. அப்போஸ்தலர் காலத்தோடு அந்த வரம் நின்றுவிட்டது என்பவர்களும் உண்டு. ஆவியானவர் தருகிறார், ஆனால் எல்லாருக்கும் அல்ல என்பவர்களும் உண்டு. நான் மூன்றாவது பக்கம். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் 12:30இல் கேட்கும் தொனியில் 'இல்லை' என்ற பதில் உள்ளே இருக்கிறது. இது தனி ஜெபத்துக்குப் பொருந்தாது, சபைக் கூட்டத்துக்கு மட்டும்தான் என்று என் பெந்தெகொஸ்தே நண்பர்கள் பதில் சொல்வார்கள். சரி, அந்த விவாதம் நடக்கட்டும். எழுபது வயது அம்மா ஒருவரைச் சுற்றி நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வாயைத் திறவுங்கள்" என்று வற்புறுத்துவதை மட்டும் எந்தப் பக்கத்து வேதபண்டிதரும் நியாயப்படுத்த முடியாது.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் பேசுகிறார்கள். சரியா?

14:27-28ஐ வாசியுங்கள். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஒருவர் இருந்தால் மட்டும். ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசலாம். இதைவிட நேராக எழுத முடியாது. அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும் ஐந்து வார்த்தைகள் மேல் என்று எழுதியவர், தானே அந்நியபாஷை பேசுகிறவர்.

"உனக்குக் கனடா விசா கிடைக்கும் என்று ஆண்டவர் சொல்கிறார்" என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். நம்பலாமா?

கொழும்பில் இதைவிட அதிகம் கேட்கப்படும் கேள்வி எனக்குத் தெரியாது. விசா, கல்யாணம், காணி வழக்கு, பிள்ளையின் பரீட்சை முடிவு இந்த நான்கையும் சுற்றித்தான் பெரும்பாலான தீர்க்கதரிசனங்கள் வருகின்றன. எங்கள் வீட்டிலும் நடந்தது. ஓர் உபவாசக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், மூன்று மாதத்துக்குள் என் தங்கை விமானம் ஏறுவாள் என்றார். அவள் வேலையை விட்டாள். மூன்று மாதம் போனது, விசா மறுக்கப்பட்டது. அவரைக் கேட்டபோது "உங்கள் வீட்டில் விசுவாசம் குறைவு" என்றார். தங்கை இரண்டு வருடம் சபைப் பக்கமே வரவில்லை. விசா கிடைக்காதது அவளைப் பாதித்ததைவிட அந்தப் பதில் பாதித்தது.

பவுல் தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்கிறார், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கவும் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). சோதிப்பது அவிசுவாசம் என்றால் அந்தக் கட்டளைக்கே இடமில்லை. இரண்டு பேர் அல்லது மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. நிதானிக்கிற வேலை கேட்கிறவர்களுடையது. ஆகவே யாராவது உங்களைத் தனியாக ஓரத்துக்கு அழைத்து, "இதை யாரிடமும் சொல்லாதே" என்று தீர்க்கதரிசனம் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். காணிக்கை உறையும் சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கே வேலையில்லை.

14:3 தீர்க்கதரிசனத்தின் பயனைச் சொல்கிறது. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். திகதி சொல்வது அதில் இல்லை.

குணமாகும்படி ஜெபித்துவிட்டு மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. ஜெபியுங்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள், மருந்தையும் எடுங்கள். மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவர் கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர் போடட்டும். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொன்னார், துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). குணமாக்கும் வரத்தைப் பற்றி எழுதிய அதே பவுல்தான். குணமானால் அதை வைத்தியர் பரிசோதித்துச் சொல்லட்டும், ஆண்டவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நான் கதிரை அடுக்குகிறேன், தேநீர் ஊற்றுகிறேன். என்னிடம் வரம் ஒன்றும் இல்லையே?

12:28இல் அற்புதங்களுக்கும் குணமாக்கும் வரங்களுக்கும் அடுத்ததாக, பலவித பாஷைகளுக்கு முன்பாக, இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஊழியங்கள்', 'ஆளுகைகள்'. இரண்டிலும் தமிழ்ச் சொல் கொஞ்சம் பெரிய உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஊழியம் என்றால் இன்றைக்கு நமக்கு மேடை, சுவரொட்டி, 'அபிஷேகம் பெற்ற ஊழியர்'. பவுல் எழுதிய சொல்லோ கைகொடுத்து உதவுவது என்ற அளவில் எளியது. ஆளுகை என்றவுடன் அதிகாரம் ஞாபகம் வருகிறது. கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடிப்பதிலிருந்து வந்தது. இரண்டு துறைமுகம் உள்ள ஊராருக்கு உடனே புரிந்திருக்கும். சுக்கான் பிடிக்கிறவன் கப்பலின் சொந்தக்காரன் இல்லை, ஆனால் அவன் தூங்கினால் எல்லாரும் மூழ்குவார்கள்.

எங்கள் சபையின் பொருளாளரைத்தான் நான் இதற்கு உதாரணமாகச் சொல்வேன். சத்தமாக ஜெபித்து அவரை யாரும் கண்டதில்லை. 2022இல் எரிவாயு இல்லாமல், பெற்றோல் வரிசையில் ஆட்கள் இரவு முழுக்க நின்ற காலத்தில், எந்த வீட்டில் அரிசி முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவர் பெயரையும் அறிவிக்காமல் பை போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் எங்கள் சபையில் தீர்க்கதரிசனங்கள் நிறையச் சொல்லப்பட்டன, ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், கொழும்பில் பிறந்தவர்கள் என்று சபைக்குள் ஒரு கோடு ஓடுகிறது. இதைப் பேசலாமா?

பேசவேண்டும். பேசாமல் இருப்பதை நாம் ஐக்கியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒரு விதம், மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் இன்னொரு விதம், ஆனால் கோடு எங்கேயும் உண்டு. தோட்டத்திலிருந்து வந்து கடையில் வேலைசெய்யும் இளைஞன் பத்து வருடம் சபையைக் கூட்டிப் பெருக்குவான், கமிட்டித் தேர்தலில் அவன் பெயர் யார் வாயிலும் வராது. கல்யாணப் பேச்சு வந்தால் "எந்த ஊர், எந்தப் பக்கம்" என்ற விசாரணை ஞானஸ்நானச் சான்றிதழைத் தாண்டிப் போகும். சாதியையும் இதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 6இல் எருசலேம் சபைக்கு வந்த முதல் பெரிய உட்பூசல் உபதேசத்தைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசும் யூதர்களின் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் "இப்படிப் பேசிப் பிரிவினை உண்டாக்காதீர்கள்" என்று வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரின் கையிலேயே சபை பந்தியைக் கொடுத்ததாகத்தான் நான் இதை வாசிக்கிறேன்.

நம் கமிட்டியில் ஏழு பேர் இருந்தால் பெயர்களை எழுதிப் பாருங்கள். எந்த ஊர்ப் பெயர்கள்?

போதகரின் குடும்பமே பாடுகிறது, கணக்கு எழுதுகிறது, தீர்க்கதரிசனமும் சொல்கிறது. மற்றவர்களுக்கு எங்கே இடம்?

ரோமர் 12:8 பழைய மொழிபெயர்ப்பில் "முதலாளியானவன்" ஜாக்கிரதையாயிருக்கவேண்டும் என்று வருகிறது. முன்னின்று நடத்துகிறவன் என்ற பொருளில் அன்று போட்ட சொல். இன்றைக்கு முதலாளி என்றால் கடைக்கு உரிமையாளர். சில சபைகளில் சொல்லின் புதுப் பொருள்தான் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு ஒரு காரணமும் உண்டு, நியாயமாகச் சொல்லவேண்டும். வாடகை மண்டபத்தில் பத்துப் பேரோடு தொடங்கிய சபைகளில் ஆரம்பத்தில் கதிரை வாங்கக்கூடப் போதகரின் மனைவியின் வளையல்தான் அடகுக்குப் போயிருக்கும். அப்படிக் கட்டியதை இன்னொருவர் கையில் கொடுப்பது கஷ்டம். ஆனால் சபையைப் பல அவயவங்கள் உள்ள சரீரத்துக்கு ஒப்பிட்ட பவுல், ஒரு குடும்பமே எல்லா அவயவங்களுமாக இருக்கிற சரீரத்தை எங்கேயும் விவரிக்கவில்லை. கேட்பதானால் பின்னால் பேசாமல், வட்ஸ்அப் குழுவில் போடாமல், நேரில் போய் மரியாதையோடு கேளுங்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள், பாட்டு பிறகு பார்க்கலாம்.

ஒரே ஆண்டவர் என்றால் இத்தனை சபைப் பிரிவுகள் எதற்கு?

கொழும்பில் ஒரு நாள் நடந்தாலே வரலாறு தெரியும். கத்தோலிக்கம் போர்த்துக்கேயரோடு வேரூன்றியது. வொல்வெண்டால் ஆலயம் ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தது. 1812இல் பப்டிஸ்ட் மிஷனரிகள், 1814இல் மெதடிஸ்தர், பிறகு அங்கிலிக்கன் மிஷன்கள். கேரளத்திலிருந்து வந்த பாஸ்டர் பவுல் 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இங்கிருந்து இந்தியாவுக்கும் போனது. பிரிவுகளில் பாதி வேறு நாட்டுச் சண்டைகள், கப்பலில் நமக்கு வந்து சேர்ந்தவை.

ஒன்றுசேர முயற்சியும் நடந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபையார் அதில் சேர்ந்தார்கள். இலங்கையிலும் சபைகளை இணைக்கப் பல வருடம் பேசி, 1970களின் தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, வழக்கோடு நின்றுபோனது. கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்கள்மேல் போட்ட வழக்கு. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6ஐ யாராவது வாசித்திருப்பார்களா என்று நினைப்பேன்.

எபேசியர் 4:3 ஒருமையை உண்டாக்கச் சொல்லவில்லை, 'காத்துக்கொள்ள' சொல்கிறது. ஏற்கெனவே இருப்பதைத்தான் காக்க முடியும். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்தது. அந்த வாரம் மரணவீடுகளில் எந்தச் சபை என்று யாரும் கேட்டு நான் காணவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மறுபடி கேட்கத் தொடங்கினோம்.

பெண்களுக்கு இந்த வரங்கள் உண்டா?

உண்டு. 1 கொரிந்தியர் 11:5 பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொள்கிறது. பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெண்கள் சபையில் பேசாமலிருக்கவேண்டும் என்கிற 14:34ஐ என்ன செய்வது என்பீர்கள். அதைப் பதினோராம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள், இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அன்ரிமார் சமைப்பதற்கு மட்டும் ஆவியானவர் தேவை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு வாதாட நேரமில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் ஜெபிக்கிறார்கள். தமிழ்ச் சபையில் அவர்களுக்கு இடம் உண்டா?

தமிழ் ஆராதனை தேவை, அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பாமாலையைத் தமிழில் பாடாமல் என் அம்மாவுக்கு ஞாயிறு விடியாது. ஆனால் பிள்ளைக்குப் புரியாத தமிழில் நாற்பது நிமிடம் பிரசங்கித்தால், அந்தப் பிள்ளைக்கு அது அர்த்தம் சொல்ல ஆளில்லாத அந்நியபாஷை. பவுல் 14:11இல் சொல்வது இதுதான். பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒருவருக்கொருவர் அந்நியராகிவிடுவார்கள்.

நான் சிங்களத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது ஒரே ஒரு ஆளுக்காக. எங்கள் சபையில் ஒரு அம்மாவுக்குச் சிங்கள மருமகள். ஒவ்வொரு ஞாயிறும் கணவனோடு வந்து, ஒரு சொல்லும் விளங்காமல், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருப்பாள். மைக்கில் மொழிபெயர்க்கக் கேட்டபோது, ஆராதனை நீண்டுவிடும் என்று கமிட்டி மறுத்தது. சரி என்று அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் காதருகில் மெல்லச் சொன்னேன். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் என்னைச் சுற்றி ஏழெட்டுக் கதிரை. அதில் தமிழ்ப் பிள்ளைகள்தான் அதிகம். கடைசியில் கமிட்டியே ஒரு மைக்கும் சில ஹெட்போன்களும் வாங்கித் தந்தது.

இப்போது எனக்குக் குரல் கட்டும் நாட்களில் ஒரு பதினாறு வயதுப் பையன் மொழிபெயர்க்கிறான். அவனுடைய தமிழ் தடுமாறும், 'பரிசுத்தமாக்கப்படுதல்' வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பான். போன மாதம் அவன் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டுவிட்டு நின்றான். அந்தச் சிங்கள மருமகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தமிழில் அவனுக்கு எடுத்துக்கொடுத்தாள்.